ஒரே மாதிரி இரண்டு ராக்கெட்

எங்கள் வீட்டில் மருமகள்களுக்கு எதையும் ஒன்றே ஒன்றாக வாங்குகிற வழக்கம் கிடையாது. வாங்கினால் இரண்டு. இரண்டும் ஒரே நிறம், ஒரே கரை, ஒரே கடை. கிறிஸ்துமஸுக்குச் சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை எடுக்கப் போனால், அரக்கு நிறத்தில் ஒன்றுதான் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்ன மறுநிமிடம் என் மாமியார் எழுந்துவிடுவார். குக்கர் இரண்டு. கைக்கடிகாரம் இரண்டு. மழைக்குக் குடை வாங்கித் தந்தபோதுகூட இரண்டு, அதிலும் ஒரே பூப்போட்டது.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பில் எல்லாருக்கும் ஒரே சீருடை போட்டுவிட்டால் சண்டை வராது என்று நம்பி வாழ்ந்தவர், வீட்டுக்கும் அதையே கொண்டுவந்துவிட்டார். "வித்தியாசம் காட்டுனாத்தானே பொறாம வரும்? நான் காட்டவே மாட்டேன்" என்பார்.

அவர் ஒருநாளும் தன் ஓரகத்தியோடு ஒரே மாதிரி சேலை கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போயிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். வேறு வேறு சேலை என்றால், என் சேலை எடுப்பாக இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். சேலை ஒன்றேயாகிவிட்டால் வித்தியாசம் கட்டியிருக்கிற ஆளில்தான் இருக்கிறது. அது கோயில் வாசலில் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் தம்பி மனைவி, ஒட்டன்சத்திரத்துப் பக்கம். எனக்கு ஆறேழு வயது இளையவள். கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தவள். கல்யாணமாகிப் பல வருடம் அவர்கள் கோயம்புத்தூரிலேயே இருந்ததால், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வந்துபோகிற விருந்தாளியாகத்தான் அவளை எனக்குத் தெரியும். விருந்தாளியாக இருந்தவரை அவள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கொழுந்தனாருக்குத் திண்டுக்கல்லுக்கு மாற்றல் வந்து, ஒரு ஜூன் மாதம் சாமான்களோடு மாடியில் குடியேறினார்கள்.

அதற்கு முன்னால் நான் டென்னிஸ் ஆட வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கிளப்பில் மைதானத்தைச் சுற்றி நடந்தேன். நடுவில் செம்மண் தரையில் ஆண்கள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். சில மாதம் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்ததில், நடப்பதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் இல்லை என்று தெரிந்துபோயிற்று. என் கணவர் கல்லூரி நாளில் ஆடிவிட்டுப் பரண்மேல் போட்டிருந்த பழைய ராக்கெட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு ஒருநாள் உள்ளே இறங்கிவிட்டேன். நாற்பதை நெருங்குகிற ஒரு டீச்சர் சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக வந்து நின்றதைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். பிறகு பந்து போட்டார்கள்.

யாரும் முறையாகச் சொல்லித்தரவில்லை. ஆண்கள் ஆடுவதைப் பார்த்தும், கைபேசியில் பார்த்தும் நானாகக் கற்றுக்கொண்டேன். இடது பக்கம் வருகிற பந்தை ஒற்றைக் கையால் சாட்டை மாதிரி வீசி அடிப்பேன். பந்து உடம்புக்குப் பக்கத்தில் வந்தபிறகுதான் என் கை கிளம்பும். முழங்கை முன்னால் போகும், மணிக்கட்டைச் சுண்டினால் பந்து வலைக்கு மேலே சீறிக்கொண்டு போகும். பத்துக்கு நாலு வெளியே போகும் என்பது வேறு விஷயம். உள்ளே விழுந்தால் எதிரில் நிற்கிற ஆம்பளைகள் "டீச்சர் பேக்ஹேண்டா, கொலகாரப் பேக்ஹேண்டு" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க நான் ஐந்தரை மணிக்கு எழுந்து, மாவு ஊற்றி, டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு ஓடுவேன்.

காலை நேரத்தில் அந்தக் கிளப்பில் ஆடுகிற ஒரே பெண் நான்தான். இதை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும் என்பதால்தான் சொல்லவில்லை.

ஓரகத்தி வந்த இரண்டாவது வாரம், "அக்கா, நானும் காலைல உங்ககூட வரட்டுங்களா?" என்று கேட்டாள். நடக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, வா என்றேன். அவள் பள்ளிக்கூட நாளிலேயே விடுதியில் டென்னிஸ் ஆடியவள் என்ற செய்தியை, எங்கள் வீட்டில் ஒரு ஆள்கூட அதுவரை சொல்லியிருக்கவில்லை. யாரிடமோ இரவல் ராக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இடது பக்கம் பந்து வந்தது. இரண்டு கையாலும் பிடித்து, தோளைத் திருப்பி, பந்தை முன்னாலேயே எதிர்கொண்டு வாங்கி, ஒரு சத்தமும் இல்லாமல் மூலையில் கொண்டுபோய் வைத்தாள். அப்புறம் இன்னொன்று. அதற்கப்புறம் இன்னொன்று. வியர்க்கக்கூட இல்லை அவளுக்கு.

"அடேயப்பா" என்றார் கிளப் செயலாளர். எனக்கு அதுவரை யாரும் அடேயப்பா சொன்னதில்லை. கொலகாரப் பேக்ஹேண்டு என்று சொன்னதில் பாதி கேலி என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை போட்டு இதை மெழுகத் தோன்றவில்லை. அடிவயிற்றிலிருந்து தொண்டை வரைக்கும் எரிந்தது. வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாம்பாரில் உப்பை இரண்டு முறை போட்டேன்.

அடுத்த மாதம் கொழுந்தனார் வேலையாகப் பெங்களூர் போனவர், மனைவிக்கு ஒரு புது ராக்கெட் வாங்கிவந்தார். நீலமும் வெள்ளையுமாக, பார்த்தாலே கண்ணில் ஒட்டிக்கொள்கிற ராக்கெட். கூடத்தில் உறையைப் பிரித்து அவள் கையில் கொடுத்தபோது அத்தை நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஒண்ணுதானா?" என்றார்.

கொழுந்தனார் விழித்தார். "அண்ணிகிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்குல்லம்மா?"

"அது பரண்ல கெடந்தது. இது புதுசு. ஒரு வீட்ல ரெண்டு பொம்பளைங்க ஒண்ணா வெளையாடப் போறாங்க, ஒருத்தி கையில புதுசு, இன்னொருத்தி கையில பழசுன்னா ஊரு என்னைய என்ன சொல்லும்?"

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்தான். பழைய ராக்கெட் என் கைக்கு அன்றாடம் பிடிக்கிற கரண்டி மாதிரி பழகியிருந்தது. கைப்பிடி மெலிது, அடித்தால் சட்டம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருந்த நரம்பும் நாள்பட்டுத் தளர்ந்து கிடந்தது. ஆனால் அவள் கையில் இருந்த நீலத்தைப் பார்த்தபிறகு பழையது எனக்குத் துடைப்பக்கட்டையாகத் தெரிந்தது. அவள் நன்றாக ஆடுவது அந்த ராக்கெட்டால்தான் என்றுகூட நினைத்துக்கொண்டேன். இரவல் ராக்கெட்டில் அவள் ஆடியதைக் கண்ணால் பார்த்தவள்தான் நான். பொறாமைக்குக் கண் தெரிவதில்லை.

தபாலில் இரண்டாவது ராக்கெட் வந்தது. அதே நீலம், அதே எடை, அதே தடிமனான பிடி, கடையிலேயே இழுத்துக் கட்டிய அதே கெட்டியான நரம்பு. அத்தை கூடத்துச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆணி அடிக்கச் சொல்லி இரண்டையும் மாட்டவைத்தார். இடது ஆணி என்னுடையது, வலது ஆணி அவளுடையது. வருகிற போகிறவர்களிடம் "எம் மருமகளுங்க ரெண்டு பேரும் டென்னிஸ்" என்று காட்டுவார்.

முதல் நாளே ஓரகத்தி என் ராக்கெட்டைக் கையில் வாங்கி நரம்பை விரலால் அழுத்திப் பார்த்தாள். "அக்கா, ரொம்ப முறுக்கிக் கட்டியிருக்கானுங்க. நரம்பும் கம்பி மாதிரி இருக்குது. லூசாக் கட்டிக்கோங்க. உங்க கைக்குப் பிடியும் தண்டியா இருக்குதுங்க" என்றாள்.

நரம்பைத் தளர்த்தினால் அடியில் உறுதி இருக்காது என்று கிளப்பில் எல்லாரும் சொல்வார்கள். என் அடியைப் பார்த்துப் பயந்துதான் தளர்த்தச் சொல்கிறாள் என்று எனக்குப் பட்டது. "எனக்குத் தெரியும். நீ ஒன் வேலையப் பாரு" என்றேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. ராக்கெட்டை ஆணியில் மாட்டிவிட்டு மாடியேறிவிட்டாள்.

அக்டோபரில் மழை பிடித்தது. எங்கள் கிளப்பில் பந்தை மொட்டையாகிறவரை விடமாட்டார்கள். நனைந்தால் மதில்மேல் வரிசையாக வைத்துக் காயவைத்து மறுபடி ஆடுவார்கள். நனைந்த பந்து எலுமிச்சம்பழத்துக்குள் ஈயத்தை ஊற்றியது போல் கனக்கும். அதைப் புது ராக்கெட்டால் நான் ஒற்றைக் கையால் சாட்டை வீசினேன். பிடி தடிமன் என்பதால் நழுவாமல் இருக்க உயிரைக் கொடுத்து இறுக்கிப் பிடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் ராக்கெட் அதிர்ந்த அதிர்வு, மணிக்கட்டு வழியாக ஏறி முழங்கையில் போய் நின்றது. நன்றாக அடிக்கிறோம் என்பதற்கு அதுதான் அடையாளம் என்று நினைத்தேன்.

நான் விலங்கியல் ஆசிரியை. முழங்கை ஒரு கீல் மூட்டு என்று வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டுக் கதவுக் கீலை உதாரணம் காட்டி நடத்துகிறவள். மணிக்கட்டைத் தூக்குகிற தசைகள் எல்லாம் முழங்கையின் வெளிப்பக்கத்து எலும்பு முனையில் போய்ச் சேர்ந்து பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அந்த எலும்பு எனக்கும் இருக்கிறது என்பதைத்தான் மறந்துபோனேன்.

முதலில் காட்டிக்கொடுத்தது வீட்டுப் பூட்டு. எங்கள் தலைவாசலில் தொங்குவது நம்மூர்த் திண்டுக்கல் பூட்டு. உள்ளங்கை அகலம், சாவியைப் போட்டு இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு சாயங்காலம் சாவியைத் திருகினேன். முழங்கையில் யாரோ ஊசியைச் செருகிய மாதிரி இருந்தது. சாவி கையிலிருந்து விழுந்தது. இடது கையால் திறந்துகொண்டு உள்ளே போய், ஒன்றும் நடக்காதது போல் விளக்கைப் போட்டேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. மாவுச் சட்டியைத் தூக்க முடியவில்லை. துணி பிழிய முடியவில்லை. காப்பி டம்ளரைத் தூக்கினால் கை தானாக இறங்கியது. வகுப்பில் சாக்பீஸைத் தலைக்கு மேலே பிடித்து எழுத முடியாமல், கரும்பலகையின் கீழ்ப்பாதியிலேயே இதயத்தின் நாலு அறைகளையும் குறுக்கிப் போட்டேன். ஆட்டம் முடிந்து வலைக்குப் பக்கத்தில் கைகுலுக்கும்போது மட்டும் சிரித்துக்கொண்டேதான் குலுக்கினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாளே.

விட்டுவிடலாம்தான். விட முடியாதபடி அந்த நேரம் பார்த்து ஒரு அறிவிப்பு வந்தது. பொங்கல் விடுமுறையில் கிளப்பில் வருடா வருடம் போட்டி நடக்கும். பெண்களுக்கும் ஒரு ஒற்றையர் ஆட்டம் வையுங்கள் என்று நான் வருடா வருடம் கேட்பேன். "ஆளு வேணுமே டீச்சர்" என்று செயலாளர் வருடா வருடம் சிரிப்பார். இந்த வருடம், ஓரகத்தி வந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், அவராகவே பலகையில் எழுதிப் போட்டிருந்தார்: பெண்கள் ஒற்றையர். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு டாக்டர், நாங்கள் இரண்டு பேர் என்று பெயர்கூடச் சேர்ந்துவிட்டது. நான் வருடக்கணக்கில் கேட்டுக் கிடைக்காதது அவள் வந்து இரண்டு கையால் நாலு பந்து அடித்ததும் கிடைத்துவிட்டது. அந்தக் கோப்பையை அவளுக்கு விட்டுக்கொடுப்பதைவிட என் கை கழன்று விழுந்தாலும் பரவாயில்லை என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஆடினேன்.

கை கிட்டத்தட்டக் கழன்றேதான் விழுந்தது. டிசம்பரில் ஒரு நாள் காலை, பனியில் ஊறின பந்து ஒன்றை வீசி அடித்தேன். பந்து வலையைத் தாண்டவில்லை, ராக்கெட் தாண்டிவிட்டது. எதிர்ப்பக்கத்தில் நின்ற ஓரகத்தி அதைக் குனிந்து எடுத்துக்கொண்டுவந்து, பேசாமல் நீட்டினாள். அவள் அப்படிப் பேசாமல் இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. சிரித்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன்.

கணவர் பிடித்து இழுக்காத குறையாகப் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் அழைத்துப்போனார். சின்ன வயதுப் பெண். மேசைமேல் கையை நீட்டி வைக்கச் சொன்னார். மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி அவர் ஒரு விரலால் அமுக்கினார். நான் கத்தினேன். "டென்னிஸ் எல்போதான் மேடம்" என்றார். இந்த வலி டென்னிஸ் ஆடாதவர்களுக்குத்தான் நிறைய வருமாம், சப்பாத்தி தேய்க்கிறவர்களுக்கும் ஸ்பேனர் முறுக்குகிறவர்களுக்கும். டென்னிஸே ஆடி வந்த ஆள் என்று என்னைக் கொஞ்சம் ஆசையாகப் பார்த்தார். "எப்படி அடிப்பீங்க, காட்டுங்க. நாளைக்கு உங்க ராக்கெட்டையும் எடுத்துட்டு வாங்க" என்றார்.

மறுநாள் போகிற அவசரத்தில் இடது ஆணியிலிருந்ததை எடுத்து உறையில் போட்டுக்கொண்டு போனேன். அவர் நரம்பை அழுத்திப் பார்த்தார். என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி, விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார்.

"இது நல்லாத்தானே இருக்கு மேடம். நரம்பு மெத்துன்னு இருக்கு, பிடியும் உங்க கைக்குச் சரியாத்தான் இருக்கு. அப்ப உங்க அடிதான் காரணம். பந்து உங்களைத் தாண்டுனப்புறம் முழங்கையால தள்ளுறீங்க. முன்னாடியே வாங்கணும், தோளும் சேந்து வரணும்."

எனக்கு அவர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. என் ராக்கெட்டின் பிடி என் கைக்குள் அடங்கியதே இல்லை. இது அடங்கியது. கடையில் சுற்றியிருந்த தடித்த கிரிப்பை உரித்துவிட்டு, வெறும் மெல்லிய நாடாவைச் சுற்றியிருந்தார்கள். நரம்பின் நிறமும் கொஞ்சம் வேறு. கிறிஸ்துமஸுக்கு ஒட்டடை அடித்தபோது அத்தை இரண்டையும் இறக்கித் துடைத்துவிட்டு, ஆணி மாற்றி மாட்டியிருக்கிறார். நான் கொண்டுபோனது அவளுடையது.

வீட்டுக்கு வந்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பிடித்துப் பார்த்தால் ஒன்று கை, ஒன்று கட்டை. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டையும் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ ஒன்னோடத மாத்திட்ட. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல" என்றேன்.

அவள் என் கையில் இருந்ததைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "சொன்னனுங்களேக்கா. வந்த அன்னைக்கே சொன்னேன். ஒன் வேலையப் பாருன்னீங்க."

"மாத்தப் போறேன்னு சொன்னியா?"

"சொல்லியிருந்தா அத்தை ரெண்டையும் ஒரே மாதிரி மாத்தச் சொல்லியிருப்பாங்க. உங்க கைக்கு எது ஆகும்னு எனக்கு எப்படீங்க தெரியும்? எங்கைக்கு மாத்திக்கிட்டேன்." ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு திரும்பி நின்றாள். "அதே அரக்குச் சேலையக் கட்டிக்கிட்டு உங்க பக்கத்துல கோயில்ல நிக்கறப்ப எனக்கு எப்படி இருக்கும்னு நெனச்சிருக்கீங்களா? நீங்க ஒசரம். உங்களுக்குக் கரை அழகா விழுகுது. நான் பாதிக் கரைய உள்ள மடிச்சுக் குத்திக்கிட்டு நிக்கறேன்."

சண்டைக்கு வந்த இடத்தில் இப்படி ஒன்று கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஆனால் முகத்தை இறுக்கியே வைத்துக்கொண்டேன்.

அதற்குள் சத்தம் கேட்டு அத்தை வந்துவிட்டார். என் முழங்கையில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தார், இரண்டு ராக்கெட்டையும் பார்த்தார். நரம்பு, கிரிப்பு எதுவும் அவருக்கு விளங்கவில்லை, விளங்கிக்கொள்ளவும் இல்லை. "டாக்டரு என்ன சொன்னாக?" என்றார்.

"மூணு நாலு மாசம் ஆடக் கூடாதாம்."

"அப்ப ரெண்டு பேரும் ஆட வேணாம். ஒருத்தி கைய ஒடிச்சிக்கிட்டு வீட்ல ஒக்காந்திருக்க, இன்னொருத்தி போயிக் கப்பு வாங்கிட்டு வந்தா நல்லாவா இருக்கும்? ஒனக்குச் சரியானப்புறம் ரெண்டு பேருமா போங்க."

ஓரகத்தி கையிலிருந்த துணியைப் பார்த்தாள். "சரிங்கத்தை" என்றாள்.

அன்றைக்கு மத்தியானம் நான் வயிறாரச் சாப்பிட்டேன். நல்ல பசி. அத்தையின் கொள்கையை இத்தனை வருடமாகத் தப்பாக நினைத்துவிட்டோமே, எவ்வளவு நியாயமான மனுஷி என்று தோன்றியது. எனக்கு இல்லாதது அவளுக்கும் இல்லை. இதைவிட ஒரு நிம்மதி உண்டா? வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் அவள் ஆறு மணிக்கே எழுந்து கீழே வந்தாள். பழக்கம். போக இடமில்லாமல் கூடத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தாள். அடுத்த நாளும் அதேதான். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. முனகவும் இல்லை. ஆணியில் தொங்குகிற ராக்கெட் பக்கம் தலையைத் திருப்பாமல் உரித்தாள். உரித்த வெங்காயம் அந்த வாரம் பாத்திரம் பாத்திரமாக மிஞ்சி, தொட்டுக்கொள்கிற வெஞ்சனம் எல்லாமே வெங்காயமாகிவிட்டது. அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க நானும் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூக்கிப் பிடித்தால் கை வலிக்கும். இருந்தாலும் பிடித்தேன்.

வார முடிவில் செயலாளர் எனக்குப் போன் செய்தார். குரலில் வருத்தம் ததும்பியது. "டீச்சர், ஒங்களுக்கும் முடியல, தம்பி சம்சாரமும் வரலேன்னுட்டாங்க. அம்புட்டுப் பேரு இல்லாம லேடீஸ் சிங்கிள்ஸ் நடத்தி என்ன பண்ண? ரத்து பண்ணிட்டோம். கவலப்படாதீங்க, லேடீஸுக்கு மியூசிக்கல் சேர் வச்சிருக்கோம். மைக் செட்டுக்குச் சொல்லியாச்சு."

மியூசிக்கல் சேர். செம்மண் தரையில், வலையை அவிழ்த்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை வட்டமாகப் போட்டு, பாட்டு நிற்கும்போது உட்கார ஓடுகிற விளையாட்டு. நான் முதன்முதலில் அந்தத் தரையில் இறங்கிய வருடமும் பெண்களுக்கு அதைத்தான் வைத்தார்கள். இத்தனை வருடம் மொட்டைப் பந்தை அடித்து அடித்து, கேலியைக் கேட்டுக் கேட்டு, அந்த நாற்காலிகளை நான்தான் அப்புறப்படுத்தினேன். மறுபடி கொண்டுவந்து போடப் போகிறார்கள்.

போனை வைத்தேன். ஓரகத்தி மேல் எனக்கிருந்த பொறாமை கொஞ்சமும் குறைந்துவிடவில்லை. அந்த நாற்காலிமேல் வந்த கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். கூடத்துக்குப் போய் அவள் முன்னால் நின்றேன். வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"நாளைக்கு நீ ஆடப் போற" என்றேன்.

அத்தை நிமிர்ந்தார். "ஏத்தா, நான் சொன்னது ஒனக்காகத்தானே?"

"எனக்காகன்னா வேணாம் அத்தை. ரெண்டு பேரும் சும்மா ஒக்காந்தா ரெண்டு பேரும் சமமாகிருவமா? எங்கை ஒடைஞ்சது எங்கையோட போகட்டும். இவ கைக்கு என்ன கேடு?" என்னையறியாமல் குரல் உயர்ந்துவிட்டது. "இவ போகலேன்னா அங்க நாற்காலியப் போட்டுப் பாட்டுப் போடுவானுங்க."

அத்தைக்கு நாற்காலி விஷயம் புரியவில்லை. ஓரகத்திக்குப் புரிந்தது. வெங்காயக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து போய் வலது ஆணியிலிருந்ததை எடுத்தாள். எடுத்ததும் நின்று, பிடியை அமுக்கிப் பார்த்துவிட்டு, தன்னுடையது இல்லை என்று அதை மாட்டிவிட்டு இடது ஆணியிலிருந்ததை எடுத்துக்கொண்டாள்.

அவள் வருகிறாள் என்று தெரிந்ததும் செயலாளர் பெண்கள் ஒற்றையரை மறுபடி பலகையில் எழுதிப் போட்டார். பொங்கலுக்கு மறுநாள் போட்டி. நான் முழங்கையில் பட்டையோடு பந்தலில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பதிலாக ஒரு கல்லூரிப் பிள்ளை தன் சிநேகிதியைக் கூட்டிவந்திருந்தாள். ஓரகத்தி எல்லாரையும் ஜெயித்தாள். அவள் தோற்க வேண்டும் என்று ஒவ்வொரு பந்துக்கும் என் மனதின் ஒரு பாதி வேண்டிக்கொண்டேதான் இருந்தது. மறுபாதி, இடது பக்கம் பந்து வரும்போதெல்லாம் அவள் தோளைத் திருப்புவதையும், பந்தை உடம்புக்கு முன்னாலேயே வாங்குவதையும், வலது கை களைத்தால் இடது கை தாங்கிக்கொள்வதையும் கண்ணைக் கொட்டாமல் பார்த்துத் திருடிக்கொண்டிருந்தது. கடைசிப் பந்து விழுந்ததும் கைதட்ட வேண்டியிருந்தது. தட்டினேன். வலித்தது, முழங்கையில்தான் என்று சொல்ல முடியாது.

மேடையில் அவளுக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தை, கீழே இறங்கிவந்த மருமகள் கையில் இருந்ததைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பக்கத்தில் நின்ற செயலாளரைப் பார்த்தார்.

"ஒண்ணுதானா?" என்றார்.

"ஜெயிச்சவங்க ஒருத்தர்தானேம்மா" என்றார் செயலாளர். அத்தை விடுவதாக இல்லை. இதே மாதிரி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடை என்று செயலாளரும் வழிசொல்ல ஆரம்பித்துவிட்டார். இவர் வாங்கிவிடுவார் என்று எனக்குத் தெரியும். நாளைக்குக் கூடத்தில் ஒரே மாதிரி இரண்டு கோப்பை நிற்கும். வருகிற போகிறவர்களிடம் காட்டுவார். ஓரகத்தியும் ஒன்றும் சொல்லாமல் சிரிப்பாள். அவள் அப்படித்தான்.

"வேணாம் அத்தை" என்றேன்.

"ஏன்? வீட்டுக்கு ஒண்ணுதான் வந்துச்சுன்னா நீ மனசுல வப்ப."

"வப்பேன். நல்லா வப்பேன். அது ஒண்ணே ஒண்ணா இருக்கட்டும். ரெண்டு இருந்தா அடுத்த வருஷம் நான் இவகிட்ட எதப் புடுங்குறது?"

ஓரகத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதுவரை நான் அவளிடம் பார்த்திராத ஒரு பார்வை. பந்து போடுவதற்கு முன்னால் எதிராளியைப் பார்ப்பாளே, அந்த மாதிரி. என்னை அப்படி அவள் பார்த்ததே இல்லை. பரிதாபமாகவோ மரியாதையாகவோதான் பார்த்திருக்கிறாள். "பாக்கலாங்கக்கா" என்றாள்.

இப்போது தினமும் சாயங்காலம் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டைத் தூக்கி இறக்குகிறேன். நீல ராக்கெட் ஆணியிலேயே தொங்குகிறது. பரணிலிருந்து பழையதை மறுபடி இறக்கி, மெத்தென்ற நரம்பைத் தளர்வாகக் கட்டச் சொல்லியிருக்கிறேன். இரண்டு கையாலும் பிடித்துப் பின்கட்டுச் சுவரில் மெதுவாக அடித்துப் பார்க்கிறேன். பந்தைப் புதுசாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். தலைவாசல் பூட்டை இன்னும் இடது கையால்தான் திறக்கிறேன்.

கோப்பை கூடத்தில் இரண்டு ஆணிகளுக்கும் கீழே அலமாரியில் நிற்கிறது. அதை நான்தான் தினமும் துடைக்கிறேன். அவள் துடைக்க வந்தால் துணியைக் கொடுக்க மாட்டேன்.